கடிதப் பெட்டியும் வாழ்க்கை வரலாறும்

கடந்த பெருநாள் விடுமுறையில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனது வாப்பாவின் சிறுகதைகளைப் பற்றித் தமது தமிழ்ச் சிறப்புக் கற்கைக்காக ஓர் ஆய்வேடு எழுதப்போவதாகச் சொன்னார். வாப்பா பெரிய எழுத்தாளர் அல்லர். பத்திரிகைகளில் வந்த பதினைந்து இருபது கதைகள், கைக்காசு போட்டு அச்சிட்ட ஒரு சிறு தொகுதி, அவ்வளவுதான். அதையும் தேடிப் படித்துவிட்டு ஒரு பிள்ளை பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்பதே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவர் கேட்டார்:

"மிஸ், வாப்பாட கடிதங்கள், பழைய போட்டோக்கள் ஏதும் இருக்கா?"

இருந்தன. உம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், பழைய பிஸ்கட் தகரம் ஒன்றில் இருந்தன. வாப்பா ஜித்தாவில் வேலை செய்த ஏழு வருடங்களில் உம்மாவுக்கு எழுதியவை. ஆனால் சில வருடங்களுக்கு முன்னர் உம்மா என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். "நான் மௌத்தானா அதெல்லாத்தையும் நெருப்புல போட்டுருங்க மகள்." நானும் சரி என்றிருந்தேன். எனவே அந்த மாணவியிடம் ஒரு வார அவகாசம் கேட்டேன்.

அந்த வாரத்தில் நான் மீண்டும் எடுத்துப் படித்தது சார்லட் புரொண்டேயின் வரலாற்றை. 'ஜேன் அயர்' நாவலை எழுதியவர் என்று எமது மாணவிகள் பலருக்கு அவரைத் தெரியும். அவருடைய வாழ்வு எமக்குத் தெரியவந்த விதம் அந்த நாவலைப்போலவே சுவையானது. அதில் கடிதங்களும் படங்களும் வகித்த பங்கை இலக்கிய மன்றத்தில் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

1. பாடசாலையில் தொடங்கிய கடிதங்கள்

சார்லட் 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் பிறந்தார். தந்தை பட்ரிக் புரொண்டே ஹவோர்த் என்ற மலையோரக் கிராமத்தின் மதகுரு. ஐந்து வயதில் தாயை இழந்தார் சார்லட். மூத்த சகோதரிகள் இருவரும் 1825இல் இறந்துபோயினர். எஞ்சிய நான்கு பிள்ளைகளும் அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கற்பனை உலகை அமைத்துக்கொண்டு, தீப்பெட்டி அளவான தாள்களில் பொடி எழுத்தில் கதைகள் எழுதித் தைத்துப் புத்தகமாக்கி விளையாடினர்.

1831 ஜனவரியில், பதினான்கு வயதில், சார்லட் ரோ ஹெட் என்ற விடுதிப் பாடசாலையில் சேர்ந்தார். அதே மாதம் அங்கு வந்து சேர்ந்த இன்னொரு மாணவி எலன் நஸி. இருவரும் உயிர்த் தோழிகளாயினர். பாடசாலை முடிந்த பின்னும் கடிதங்கள் நிற்கவில்லை. 1855 மார்ச் 31இல் சார்லட் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபத்துநான்கு வருடங்கள் அவை தொடர்ந்தன. எலன் எழுத்தாளர் அல்லர். ஆனால் ஒரு காரியம் செய்தார். தோழியின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அதே பாடசாலையில் மேரி டெய்லர் என்ற மூன்றாவது தோழியும் இருந்தார். துணிச்சலும் கூர்மையான அறிவும் உள்ளவர். 1845இல் நியூசிலாந்துக்குச் சென்று கடை நடத்தியவர். இவருக்கும் சார்லட் நிறைய எழுதினார். இலக்கியம், அரசியல் பற்றியெல்லாம் எலனிடம் பேசாத விடயங்களை மேரியிடமே சார்லட் பேசியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆனால் மேரி எச்சரிக்கை மிகுதியால் அக்கடிதங்களை அழித்துவிட்டார். தப்பியது ஒன்றே ஒன்றுதான். 1848இல் சார்லட்டும் தங்கை ஆனும் இலண்டனுக்குச் சென்று, புனைபெயருக்குப் பின்னால் இருப்பது தாமே என்று பதிப்பாளரிடம் வெளிப்படுத்திய கதையைச் சொல்லும் கடிதம் அது.

இங்கே முதற் பாடத்தைக் கவனியுங்கள். இன்று நாம் அறியும் சார்லட் பெரும்பாலும் எலன் அறிந்த சார்லட்தான். குடும்பக் கவலை, உடல்நலம், நட்பு, திருமணம் பற்றிப் பேசும் சார்லட். ஒருவர் தமது தோழிக்கு எழுதும் முகம் ஒன்று, தந்தைக்கு எழுதும் முகம் வேறொன்று, பதிப்பாளருக்கு எழுதும் முகம் இன்னுமொன்று. எந்தக் கட்டு தப்பிப் பிழைத்ததோ அந்த முகமே வரலாறாகிவிடுகிறது. ஆகவே ஒரு கடிதத்தைப் படிக்கும்போது, அதில் என்ன இருக்கிறது என்பதுடன், இது யாருக்கு எழுதப்பட்டது, யாருக்கு எழுதியவை கிடைக்கவில்லை என்றும் கேட்க வேண்டும்.

2. எரிக்கச் சொன்ன கணவர்

1854 ஜூன் 29இல் சார்லட், தந்தையின் உதவிக் குருவாக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். அவ்வருடம் ஒக்டோபரில், மனைவி எலனுக்கு எழுதும் கடிதத்தை நிக்கல்ஸ் தற்செயலாகப் பார்த்தார். இத்தனை வெளிப்படையாக மனிதர்களைப் பற்றி எழுதுவதா, இது பிறர் கையில் சிக்கினால் தீக்குச்சியைப் போல ஆபத்தல்லவா என்று அவருக்குப் பட்டது. படித்தவுடன் எரித்துவிடுவதாக எலன் எழுத்தில் உறுதி தரவேண்டும், இல்லாவிட்டால் இனிக் கடிதங்களைத் தாம் பார்வையிட்ட பின்பே அனுப்ப முடியும் என்றார். சார்லட் இதைச் சிரித்துக்கொண்டே தோழிக்கு எழுதினார். எலனும் நிபந்தனையுடன் உறுதி கொடுத்தார். ஆனால் எரிக்கவில்லை. நிக்கல்ஸ் தமது பக்க நிபந்தனையைக் காக்கவில்லை, எனவே என் வாக்கும் செல்லாது என்பது பிற்காலத்தில் அவர் சொன்ன நியாயம்.

எலன் செய்தது சரியா? அவர் எரித்திருந்தால் ஆங்கில இலக்கியத்தின் ஒரு பெரும் எழுத்தாளரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இல்லாமற் போயிருக்கும். இதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஒரு வாக்கை மீறினார் என்பதும் உண்மை. நிக்கல்ஸை வில்லனாகப் பார்ப்பது இலகு. தமது வீட்டுப் பேச்சு ஊர்ப் பேச்சாவதை விரும்பாத ஒரு கணவராகப் பார்த்தால் அவருடைய அச்சமும் விளங்கும். இந்த இடத்தை வாசிக்கும்போது உம்மாவின் பிஸ்கட் தகரம் என் கண்முன் வந்து நின்றது.

3. வரலாற்றாசிரியர் வருகிறார்

சார்லட் இறந்து சில மாதங்களுக்குள் பத்திரிகைகளில் வதந்திகள் கிளம்பின. அவற்றுக்குப் பதிலாக உண்மையை எழுத நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்று எலன் வற்புறுத்தினார். 1855 ஜூனில், முதுமையடைந்த தந்தை பட்ரிக், நாவலாசிரியை எலிசபெத் கஸ்கெலுக்குக் கடிதம் எழுதி மகளின் வரலாற்றை எழுதும்படி கேட்டார். கஸ்கெல் 1850இல் சார்லட்டைச் சந்தித்துத் தோழியானவர். ஹவோர்த் வீட்டுக்கும் வந்து தங்கியவர். நிக்கல்ஸுக்கு இதில் விருப்பமில்லை. மாமனாருக்காக இணங்கினார்.

கஸ்கெல் உழைத்த விதம் இன்றைக்கும் ஆய்வு மாணவிகளுக்கு ஒரு முன்மாதிரி. எலன் முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்களைக் கொடுத்தார். சில பெயர்களையும் வரிகளையும் தாமே மறைத்த பின்பே கொடுத்தார். நியூசிலாந்திலிருந்து மேரி தமது நினைவுகளை எழுதி அனுப்பினார். சிறுபிராயத்துப் பொடி எழுத்துப் பிரதிகள் ஒரு பொதியாகக் கிடைத்தன. கஸ்கெல் சார்லட் படித்த இடங்கள், வேலை செய்த இடங்கள் எல்லாவற்றையும் நேரிற் சென்று பார்த்தார். 1856இல் கடல்கடந்து பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் போனார். 1857 மார்ச்சில் இரண்டு பாகங்களாக நூல் வெளிவந்தது. ஒரு பெண் எழுத்தாளரின் வாழ்வை இன்னொரு பெண் எழுத்தாளர் முழு நூலாக எழுதியது அக்காலத்தில் புதுமை. சார்லட்டின் சொந்தச் சொற்களையே பக்கம் பக்கமாகப் பேசவிட்டது அதன் பெரும்பலம்.

ஆனால் தவறுகளும் நேர்ந்தன. சார்லட்டின் சகோதரர் பிரான்வெலின் வீழ்ச்சிக்கு ஒரு பெண்மணியே காரணம் என்று, புரொண்டே குடும்பத்தார் நம்பியதை மட்டும் வைத்துக் கஸ்கெல் எழுதிவிட்டார். அப்பெண்மணி உயிருடன் இருந்தார். வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தார். கஸ்கெலின் வழக்கறிஞர் பத்திரிகையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. விற்பனையாகாத பிரதிகள் திரும்பப் பெறப்பட்டு, அதே வருடம் திருத்திய மூன்றாம் பதிப்பு வந்தது. சார்லட்டின் மூத்த சகோதரிகள் படித்த பாடசாலையின் நிறுவுநரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது.

இது இரண்டாவது பாடம். குடும்பக் கடிதம் ஒரு சாட்சி. ஆனால் ஒரு பக்கத்துச் சாட்சி. எழுதியவர் பொய் சொல்லாமலே பிழையாக நம்பியிருக்கலாம். கடிதத்தில் வருகின்ற மூன்றாம் மனிதருக்கும் ஒரு கதை உண்டு.

4. கிழித்துப் பின் தைத்த கடிதங்கள்

பிரசெல்ஸ் நகருக்குக் கஸ்கெல் ஏன் போனார்? சார்லட் 1842இல் பிரெஞ்சு மொழி படிக்கத் தங்கை எமிலியுடன் அங்கு போயிருந்தார். பாடசாலையை நடத்திய அம்மையாரின் கணவர் கொன்ஸ்தந்தன் ஹெகர் அவருடைய ஆசிரியர். சார்லட்டின் எழுத்தாற்றலை இனங்கண்டு திருத்தி வளர்த்தவர். 1844இல் ஊர் திரும்பிய சார்லட் அந்த ஆசிரியருக்கு உருக்கமான கடிதங்களைப் பிரெஞ்சில் எழுதினார். பதிலுக்காக மாதக்கணக்கில் ஏங்கினார். ஹெகர் சில கடிதங்களைக் கிழித்துப் போட்டார். கிழிந்த துண்டுகளை எடுத்து ஒட்டியும் நூலால் தைத்தும் பாதுகாத்தவர் அவருடைய மனைவி என்று கூறப்படுகிறது. இன்று எஞ்சியிருப்பவை நான்கு. அவற்றுள் கடைசிக் கடிதத்தின் ஓரத்தில், செருப்புத் தைப்பவர் ஒருவரின் பெயரும் முகவரியும் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு உயிரை உருக்கிய தாள், இன்னொருவருக்கு அவசரத்துக்குக் குறிப்பெழுத உதவிய கடதாசி. எந்த விளக்கவுரையும் சொல்ல முடியாததை அந்தப் பென்சிற் குறிப்பு சொல்லிவிடுகிறது.

கஸ்கெல் ஹெகரைச் சந்தித்தார். கடிதங்களைப் பற்றியும் அறிந்தார். ஆயினும் தந்தையும் கணவரும் உயிரோடு இருக்கையில் அவற்றின் உள்ளத்தை வெளியிட அவர் துணியவில்லை. தீங்கற்ற சில பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். 1913இல் ஹெகரின் பிள்ளைகள் அந்த நான்கு கடிதங்களையும் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தனர். அதே வருடம் அவை 'டைம்ஸ்' பத்திரிகையில் அச்சாகின. சம்பந்தப்பட்ட எவரும் அப்போது உயிருடன் இல்லை.

கஸ்கெல் மறைத்தது குற்றமா? வரலாற்றுக்கு அது குறைதான். ஆனால் அவர் கடிதங்களை அழிக்கச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டார், அவ்வளவே. சொல்லாமல் விட்டதைப் பின்னால் வருபவர் சொல்லலாம். அழித்ததை எவராலும் சொல்ல முடியாது. இதுவே மூன்றாவது பாடம்.

5. படங்களும் ஏமாற்றும்

இனிப் படங்களுக்கு வருவோம். பிரான்வெல் 1834 அளவில் தமது மூன்று சகோதரிகளையும் ஓவியமாகத் தீட்டினார். நடுவில் தம்மையும் வரைந்து, பின் அதன்மேல் ஒரு தூணை வரைந்து மறைத்துவிட்டார். கஸ்கெல் இதை ஹவோர்த்தில் பார்த்துத் தமது நூலில் வருணித்திருந்தார். பிறகு படம் காணாமற்போயிற்று. நிக்கல்ஸ் அயர்லாந்துக்குத் திரும்பி மறுமணம் செய்து 1906இல் இறந்தார். 1914இல் அவருடைய வீட்டு அலுமாரியின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்த நிலையில் அந்த ஓவியம் கண்டெடுக்கப்பட்டது. மடிப்புத் தழும்புகளோடு இன்று அது இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. தூண் நடுவே நிற்கும் அந்தப் படத்தைக் கஸ்கெல் எழுத்தில் விவரித்து வைத்திருந்ததால், கண்டெடுத்தது எதுவென்று உறுதிசெய்வது எளிதாயிற்று. எழுத்தும் படமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வது இப்படித்தான்.

இதற்கு எதிரான கதையும் உண்டு. 1984இல் அதே காட்சியகத்தின் பழைய கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒரு பெண்ணின் நிழற்படம் அகப்பட்டது. சார்லட் புரொண்டேயின் படம் என்ற குறிப்பும் அதற்கு இருந்தது. உலகமே மகிழ்ந்தது. புத்தக அட்டைகளிலும் ஏறியது. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டனர். முகம் எலன் நஸியின் வேறு படங்களை ஒத்திருந்தது. அது சார்லட் அல்ல, கடிதங்களைக் காத்த தோழி எலன்தான் என்பதே இன்று பெரும்பாலானோர் கருத்து. ஒரு படத்தின் கீழே யாரோ எழுதிய பெயரை நம்புமுன், எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று கேட்க வேண்டும்.

6. சிதறியவை

எலன் 1897இல் இறந்தார். அதற்குச் சில வருடங்களுக்கு முன், பொது நூதனசாலையில் வைக்கப்படும் என்ற நம்பிக்கையில் கடிதங்களை விற்றார். வாங்கியவர் தோமஸ் வைஸ் என்ற நூற் சேகரிப்பாளர். அவர் அவற்றைப் பிரித்துப் பலருக்கும் விற்றுவிட்டார். இதே மனிதர் அரிய நூல்களைப் போலியாக அச்சிட்டு விற்றவர் என்பது 1934இல் அம்பலமானது. ஒரே கட்டாக இருந்த நட்பு இங்கிலாந்து, அமெரிக்கா என்று சிதறியது. சிதறியவற்றை மார்கரெட் ஸ்மித் என்ற அறிஞர் தேடி ஒப்பிட்டு, 1995 முதல் 2004 வரை மூன்று பெருந் தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஒரு தோழி காத்ததை ஒரு வியாபாரி கலைத்தார். ஓர் ஆய்வாளர் மீண்டும் சேர்த்தார்.

7. எங்கள் வீட்டுத் தகரம்

வார இறுதியில் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலனையும் நிக்கல்ஸையும் பற்றிச் சொன்னபோது உம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் எலனுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. சார்லட் மறைந்துவிட்டிருந்தார். என் உம்மா எனக்கு முன்னால் இருந்தார். அவர் இருக்கும்போது அவரைக் கேளாமல் எரிப்பதும் பிழை, கொடுப்பதும் பிழை. அமானிதம் என்பது அதுதானே.

உம்மா தாமே தகரத்தைத் திறந்தார். இருவரும் பாயில் இருந்து கடிதங்களைப் பிரித்தோம். ஒரு கடிதத்தில் வாப்பா, தாம் எழுதிக்கொண்டிருந்த கதையின் முடிவை உம்மாவிடம் கேட்டிருந்தார். அந்தப் பெண் கடைசியில் கணவன் வீட்டுக்குத் திரும்புவதா இல்லையா என்று. உம்மா என்ன பதில் எழுதினார் என்று தெரியாது. உம்மாவின் கடிதங்களை வாப்பா கொண்டுவரவில்லை. ஆனால் கதையில் அந்தப் பெண் திரும்பவில்லை. "நான்தான் வேணாம் எண்டு எழுதின" என்றார் உம்மா. வாப்பாவின் கதைகளில் உம்மாவுக்கும் ஒரு கை இருந்தது என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

புகைப்படங்களும் இருந்தன. வாப்பா மௌத்தானபோது நினைவு மலருக்கு நான் தெரிந்து கொடுத்த படம் அதில் இருந்தது. கடற்கரையில் தொப்பி அணிந்து நிற்கும் வாலிபர். உம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது ஒங்கட வாப்பா இல்ல மகள். சாச்சா."

பன்னிரண்டு வருடங்களாக வாப்பா என்று ஊரெல்லாம் பார்த்த முகம் சாச்சாவினுடையது. "அப்ப ஏன் உம்மா சொல்லல்ல?" என்றேன். "நான் இத்தாவில இருந்தன். பொறகு நீங்க யாரும் கேக்கல்லயே" என்றார்.

கடிதங்கள் மூன்று கட்டுகளாயின. எழுத்தைப் பற்றிப் பேசுபவற்றைப் பிரதியெடுத்து மாணவிக்குக் கொடுக்க உம்மா சம்மதித்தார். வீட்டுக் கணக்கும் பிள்ளைகள் செய்தியும் உள்ளவை எங்கள் குடும்பத்துக்கு. மூன்றாவது சிறிய கட்டை உம்மா நூலால் கட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. எரிக்கும் பேச்சையும் அவர் எடுக்கவில்லை.

மாணவிகளே, உங்கள் வீடுகளிலும் இப்படியொரு தகரம் இருக்கும். நீங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கடிதத்தை உறையோடு வையுங்கள், தபால் முத்திரையில்தான் பல சமயம் திகதி இருக்கும். செலோடேப் ஒட்டாதீர்கள், அது தாளைப் பழுப்பாக்கி எழுத்தையும் கெடுக்கும். படத்தின் பின்புறம் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். வெளியே கொடுப்பதானால் பிரதியைக் கொடுங்கள், மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், அந்தப் படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர் உயிருடன் இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

கடற்கரைப் படத்தின் பின்னால் இப்போது சாச்சாவின் பெயர் இருக்கிறது. எழுதியவர் உம்மா.